பிளான் அப்ரூவல் நிராகரிக்கப்பட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வரைபடம் போட்டு, அனுமதிக்கு விண்ணப்பித்துக் கொடுப்பது என் தொழில். "சார், ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று தொடங்கும் போன் வாரத்துக்கு நாலாவது வரும். பேசுகிறவர் பெரும்பாலும் சேர்த்து வைத்த பணத்தில் மனை வாங்கி, பூமி பூஜைக்கு நாளும் குறித்துவிட்டவராக இருப்பார். குரலிலேயே கலக்கம் தெரியும். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் இன்னும் பலருக்கு உதவுமே என்றுதான் இந்தத் தொகுப்பு.

இது தமிழ்நாட்டில் சொந்தக் குடியிருப்புக்கு வீடு கட்டுபவர்களுக்கானது. அடுக்குமாடி, வணிகக் கட்டடங்களின் சிக்கல்கள் வேறு. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ரிஜெக்ட்னு மெசேஜ் வந்திருக்கு. அவ்ளோதானா? இனி அந்த மனையில வீடே கட்ட முடியாதா?

முதலில் மெசேஜை விட்டுவிட்டு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் உங்கள் கோப்பைத் திறந்து, அதில் ஏற்றியிருக்கும் கடிதத்தைப் படியுங்கள். எல்லாரும் 'ரிஜெக்ட்' என்று ஒரே வார்த்தையில் சொல்வதில் மூன்று வேறு நிலைமைகள் இருக்கின்றன. குறை சுட்டிக் காட்டி, பதில் கேட்டு நிறுத்தி வைத்திருப்பது ஒன்று. ஆவணம் போதவில்லை என்று கோப்பையே திருப்பி அனுப்பியிருப்பது இரண்டாவது. விதிப்படி இந்தக் கட்டடத்துக்கு அனுமதி தர முடியாது என்று ஆணையாகவே மறுத்திருப்பது மூன்றாவது.

என்னிடம் வருவதில் பெரும்பகுதி முதல் இரண்டு வகை. காகிதத்தைச் சரி செய்து மறுபடி போட்டால் முடிந்துவிடும். மூன்றாவது வகையிலும் மறுக்கப்படுவது நீங்கள் காட்டிய அந்த வரைபடம்தான். மனைக்கே ஆயுள் தடை விழுந்துவிட்டது என்று பொருள் இல்லை. மனையே சிக்கலில் இருக்கும் இடங்களும் உண்டு. அவற்றைக் கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

லெட்டர்ல ஒரே வரிதான் இருக்கு: "விதிகளுக்கு உட்படவில்லை". எந்த விதின்னே போடல. என்ன பண்றது?

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். காரணம் என்னவென்று தெரியாமலேயே வரைபடத்தை மாற்றி மறுபடி போடுகிறார்கள், அது மறுபடி திரும்புகிறது. காரணம் எழுத்தில் கையில் வரும் வரை ஒரு கோடுகூட மாற்றாதீர்கள். என் அனுபவத்தில் இதைவிட முக்கியமான ஆலோசனை எதுவும் இல்லை.

அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிப்பது அலுவலகத்தின் கடமை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4(1)(ஈ) பிரிவும், ஒரு முடிவால் பாதிக்கப்படுபவருக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. எனவே ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். கோப்பு எண், விண்ணப்பித்த தேதி, மறுப்புக் கடிதத்தின் தேதி போட்டு, "எந்த விதியின் எந்த உட்பிரிவுப்படி, எந்த அளவு குறைகிறது என்று தெரிவிக்கவும், தள ஆய்வு அறிக்கையின் நகல் தரவும்" என்று கேளுங்கள். அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். ஒரு பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே கேள்விகளைப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுவாகப் போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அல்லது அரைகுறையாகத் தந்தால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. ஆனால் ஒன்று: மறுப்பு ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் கெடு தனியாக ஓடிக்கொண்டிருக்கும். தகவல் வரட்டும் என்று காத்திருந்து அதைத் தவறவிடக் கூடாது.

பஞ்சாயத்து ஆபீஸ்ல போனா டி.டி.சி.பி.ங்கறாங்க, அங்க போனா பஞ்சாயத்துங்கறாங்க. நான் யாரைத்தான் பாக்கணும்?

உங்களுக்குக் கடிதம் எந்த அலுவலகத்தின் பெயரில் வந்ததோ அதைத்தான். குழப்பத்துக்குக் காரணம், அனுமதி இரண்டு இருப்பது. திட்ட அனுமதி என்பது நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் கீழ் வருவது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) பார்ப்பது. கட்டட அனுமதி என்பது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி தருவது. சாதாரணத் தனி வீடுகளைப் பொறுத்தவரை, 10,000 சதுர அடிக்குள் இருக்கும் சிறிய குடியிருப்புகளுக்குத் திட்ட அனுமதி தரும் அதிகாரத்தையும் உள்ளாட்சிகளிடமே ஒப்படைத்திருக்கிறார்கள்.

அதனால் உங்கள் வீட்டு வரைபடத்தில் மட்டும் சிக்கல் என்றால் உள்ளாட்சி அலுவலகமே போதும். நகராட்சியில் நகரமைப்பு ஆய்வாளர், பேரூராட்சியில் செயல் அலுவலர், ஊராட்சியில் தலைவரும் செயலரும். மனைப்பிரிவு அங்கீகாரம், நிலப் பயன்பாடு போன்ற மனை சம்பந்தப்பட்ட காரணம் என்றால்தான் டி.டி.சி.பி. மாவட்ட அலுவலகத்துக்கு அலைய வேண்டி வரும்.

நேர்ல போனா மதிச்சுப் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. எப்படிப் பேசணும்?

"ஏன் ரிஜெக்ட் பண்ணீங்க?" என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எதிரில் இருப்பவர் தன் முடிவைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். "இந்தக் குறையைச் சரி செய்ய நான் எந்த ஆவணம் தரணும்?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது கடினம். பத்திரம், பட்டா, புலப்படம் (சர்வே எண்ணின் அளவைப் படம்), வில்லங்கச் சான்று, வரைபடம், மறுப்புக் கடிதம் இந்த வரிசையில் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு போங்கள். கேட்டதும் பத்து நொடியில் எடுத்து நீட்ட முடிந்தால் பேச்சே மாறிவிடும். பல முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வாய்மொழியாகச் சொன்னதை அன்றைக்கே தேதி போட்டு எழுதி வையுங்கள். பிறகு, "இன்ன தேதியில் நேரில் தெரிவித்தபடி இன்ன ஆவணம் இணைத்துள்ளேன்" என்று கடிதத்தில் குறிப்பிடுங்கள். அலுவலர் மாற்றலாகிப் போனாலும் கோப்பில் அது நிற்கும்.

பத்திரத்துல 1200 சதுர அடி. "பட்டா பரப்புடன் ஒத்துப் போகவில்லை"ன்னு திருப்பிட்டாங்க. பத்திரம்தானே பெருசு?

கட்டட அனுமதிக்குப் பத்திரம், பட்டா, தரையில் அளந்தால் வருவது மூன்றையும் பார்ப்பார்கள். மூன்றில் எது குறைவோ அதைத்தான் கணக்கில் எடுப்பது வழக்கம். பட்டாவை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பரப்பு '0 - 1.11' என்பது போல இருக்கும். முதல் எண் ஹெக்டேர், அடுத்தது ஏர். ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர். ஆக 1.11 ஏர் என்பது 111 சதுர மீட்டர், அதாவது சுமார் 1195 சதுர அடி. உங்கள் 30-க்கு 40 மனை 111.48 சதுர மீட்டர். அந்தப் புள்ளிக்குப் பின் இருக்கும் 48 பட்டாவில் உதிர்ந்துபோகிறது. இது வெறும் முழுமையாக்கல். வரைபடத்தில் 1195-ஐக் காட்டி மறுபடி போட்டால் தீர்ந்தது.

ஆனால் பட்டாவில் '0 - 1.05' என்று இருந்தால் கதை வேறு. அது 1130 சதுர அடி. 70 சதுர அடி எங்கேயோ போயிருக்கிறது. தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, சாதாரணமாக 2 என்பதால், 2400 சதுர அடி கட்டலாம் என்று போட்ட கணக்கு 2260-ஆகக் குறையும். பக்கத்தில் விட வேண்டிய இடமும் அடிபடும். இதற்கு வரைபடத்தில் ஒட்டுப் போட்டுப் பயன் இல்லை. இ-சேவை மையம் வழியாக நில அளவைக்கு மனு கொடுத்து, சர்வேயரை வரவழைத்து, எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உட்பிரிவு செய்தபோது நேர்ந்த பிழை என்றால் தாசில்தார் அலுவலகத்தில் திருத்தம் கேட்கலாம். பக்கத்து மனைக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டியிருந்தால், அது கட்டட அனுமதி அலுவலகம் தீர்த்து வைக்கக்கூடிய விஷயம் இல்லை.

ரோடு அகலம் பத்தலைன்னு எழுதியிருக்காங்க. பத்திரத்துல 20 அடிப் பாதைன்னு தெளிவா இருக்கு!

ஆய்வுக்கு வருகிறவர் பத்திரத்தை அளப்பதில்லை, பாதையை அளக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தம்பதி இதே கடிதத்தோடு வந்தார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு நானே அவர்களோடு போனேன். பிரதான சாலையில் இருந்து திரும்பும் இடத்தில் 20 அடி 2 அங்குலம். மனைக்கு நேர் எதிரே 19 அடி 10 அங்குலம். நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் 16 அடி 7 அங்குலம். அங்கே ஒரு வீட்டுக்காரர் கார் ஏறுவதற்குச் சிமென்ட் சரிவும், அதை ஒட்டி மூன்று படியும் கட்டியிருந்தார். ஆய்வாளர் அளந்ததும் அந்த இடத்தில்தான். தம்பதி அந்த வீட்டுக்காரரிடம் பொறுமையாகப் பேசினார்கள். சரிவை வாசலுக்கு உள்ளே தள்ளிக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டார், செலவில் பாதியை இவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மறு ஆய்வு கேட்டு எழுதினோம். அனுமதி வந்தது.

எனவே மூன்று நான்கு இடத்தில் அளந்து, போட்டோவோடு குறித்து வையுங்கள். பொதுப் பாதையில் ஆக்கிரமிப்பு என்றால் அகற்றச் சொல்லி உள்ளாட்சிக்கே மனு கொடுக்கலாம். பாதை உண்மையிலேயே குறுகல் என்றால், எத்தனை வீடு, எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்துத் தேவைப்படும் அகலம் மாறும். மூன்று வீடு கேட்ட இடத்தில் ஒரு வீடு கேட்டால் கிடைக்கக்கூடும். மனையின் முன்பகுதியில் ஒரு பட்டையைச் சாலைக்காக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியவர்களும் உண்டு. ஆனால் அதை அலுவலகம் ஏற்குமா என்று எழுத்தில் தெரிந்துகொண்ட பிறகே பத்திரம் எழுதுங்கள்.

பட்டா இன்னும் விற்றவர் பேர்லயே இருக்கு. அதுக்காகத் திருப்பிட்டாங்க.

பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்து, வந்ததும் மறுபடி போடுங்கள். முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் சீக்கிரம் முடியும். ஒரு பகுதியை வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய வேண்டும், சர்வேயர் வர வேண்டும், நாளாகும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உங்கள் பங்கைத் தனிப் பட்டாவாக்குவதே பின்னாளுக்கும் நல்லது.

எங்களது கிராம நத்தம். பட்டா இல்லை, அரசு நிலம்னு சொல்றாங்க. தாத்தா காலத்துலேருந்து குடியிருக்கோம்.

நத்தம் என்பது ஊரார் வீடு கட்டிக் குடியிருக்க ஒதுக்கிய நிலம். அது அரசுக்குச் சொந்தமான புறம்போக்கு அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. எனவே 'அரசு நிலம்' என்ற ஒரு சொல்லோடு திரும்பி வந்துவிடாதீர்கள். தாலுகா அலுவலகத்தில் நத்தம் நிலவரித் திட்டப் பதிவேட்டைப் பாருங்கள். தோராயப் பட்டாவோ (தற்காலிகமாகத் தந்தது) தூய பட்டாவோ (இறுதியாக்கியது) முன்னோர் பெயரில் இருக்கலாம். இருந்தால் வாரிசுச் சான்றோடு பெயர் மாற்றம். இல்லையென்றால் பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை எல்லாவற்றையும் வைத்துத் தாசில்தாரிடம் பட்டா கேட்டு மனு.

பதிவேட்டில் நத்தம் என்று இல்லாமல் நீர்நிலை, மேய்க்கால், வண்டிப் பாதை என்று இருந்தால் நிலைமை வேறு. அதில் அனுமதிக்காகப் பணமும் நாளும் செலவழிக்க வேண்டாம்.

"அங்கீகாரமற்ற மனை"ன்னு மறுத்துட்டாங்க. பத்திரப் பதிவு ஆபீஸ்ல பதிஞ்சாங்களே, அப்ப அது எப்படி?

பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிந்ததால் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வந்துவிடாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்கும் வரை அங்கீகாரமற்ற மனைகள் தாராளமாகப் பதிவாகிக்கொண்டுதான் இருந்தன. அப்படி வாங்கியவர்களுக்காகத்தான் 2017-இல் வரன்முறை விதிகள், அதாவது அங்கீகாரமற்ற மனையை முறைப்படுத்திக்கொள்ளும் விதிகள் வந்தன. அதன் எல்லைத் தேதி 2016 அக்டோபர் 20. அன்றோ அதற்கு முன்போ பதிவான பத்திரம் என்றால் மனையை வரன்முறைப்படுத்தக் கேட்கலாம். விண்ணப்பக் கெடுவை அரசு பல முறை நீட்டித்திருக்கிறது, இப்போது வாசல் திறந்திருக்கிறதா என்று டி.டி.சி.பி. இணையதளத்தில் பாருங்கள். வரன்முறை ஆணை கையில் வந்த பிறகுதான் கட்டட வரைபடத்தைப் போட வேண்டும். வரிசையை மாற்றினால் மறுபடி இதே மறுப்புதான்.

ஒரு எச்சரிக்கை. சில மனைகள் மூல வரைபடத்தில் பூங்காவுக்கோ பொது உபயோகத்துக்கோ ஒதுக்கியவை. விற்றவர் அதையும் துண்டு போட்டு விற்றிருப்பார். அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை வாங்கி உங்கள் மனை எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அலுவலகத்தோடு போராட வேண்டாம். விற்றவர் மேல் நடவடிக்கை எடுக்க வழக்கறிஞரைப் பாருங்கள். இந்தச் செய்தியைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கனத்துப்போகும்.

விவசாய மண்டலம்னு வந்திருக்கு. சுத்தி எல்லாரும் வீடு கட்டியிருக்காங்களே?

பக்கத்து வீடுகள் முழுமைத் திட்டம் (எந்த நிலம் எதற்கு என்று பிரிக்கும் மாஸ்டர் பிளான்) வருமுன்பே கட்டியவையாக இருக்கலாம், அனுமதி இல்லாமல் கட்டியவையாகவும் இருக்கலாம். அது உங்களுக்கு உரிமை ஆகாது. உங்கள் சர்வே எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்று எழுத்தில் வாங்கிவிட்டு, நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் விவசாய நிலத்துக்கு வேறு விதிகள், அவையும் 2017-இல் வந்தவை. இரண்டுமே மெதுவாக நகரும் வேலை. ஒற்றை மனைக்காக இதில் இறங்குவதற்கு முன் செலவையும் காலத்தையும் நன்றாக யோசியுங்கள்.

தடையில்லாச் சான்று கேக்கறாங்க. எதுக்குன்னே புரியல.

மனைக்கு அருகில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தில் இருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வேண்டும். தஞ்சாவூர், மாமல்லபுரம், செஞ்சி போன்ற ஊர்களில் இது அடிக்கடி வரும். ரயில்வே எல்லையில் இருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வே. ஏரி, வாய்க்கால் ஓரம் என்றால் நீர்வளத் துறையும் வருவாய்த் துறையும். கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். எந்தத் துறை, எந்தக் காரணம் என்று மறுப்புக் கடிதத்தில் இல்லையென்றால், இரண்டாவது கேள்வியில் சொன்ன கடிதத்தையே எழுதுங்கள்.

சுய சான்றுல போட்டா உடனே கிடைக்குமாமே. ரிஜெக்ட் ஆனதையே அதுல போட்டுடலாமா?

2024 ஜூலையில் வந்த திட்டம் அது. அது வந்தபோது வைத்த வரம்புப்படி, 2500 சதுர அடி வரை உள்ள மனையில், 3500 சதுர அடிக்குள், தரைத்தளமோ தரையும் முதல் தளமுமோ, 7 மீட்டர் உயரத்துக்கு மிகாமல் கட்டும் வீட்டுக்கு, விதிப்படிதான் இருக்கிறது என்று நீங்களே உறுதி கொடுத்து இணையத்தில் அனுமதி பெறலாம். முன்கூட்டித் தள ஆய்வு கிடையாது.

குறை சரியாகிவிட்டது என்றால் தாராளமாகப் போடலாம். பட்டா மாறிவிட்டது, பக்க இடம் திருத்தியாயிற்று என்றால் இதுவே சுலபமான வழி. ஆனால் குறை அப்படியே இருக்க, ஆய்வு இல்லை என்பதற்காக இதில் நுழைந்தால் பின்னால் பெரிய வினை. உறுதிமொழி பொய் என்று தெரிந்தால் அனுமதியை ரத்து செய்ய முடியும். அதற்குள் நீங்கள் கூரை போட்டிருப்பீர்கள். பழைய மறுப்பும் அதே இணையதளத்தில் பதிவாகி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

என் இன்ஜினியர் தப்பா வரைஞ்சதாலதான் போச்சு. அவர் இப்ப போனே எடுக்கல.

விண்ணப்பம் அவருடைய லாகின் வழியாகப் போயிருந்தால் கடிதங்களும் அங்கேதான் போயிருக்கும். உங்கள் மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும்தான் விண்ணப்பதாரர் என்று கொடுத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அவர் தன் எண்ணையே கொடுத்திருந்தால் குறைக் கடிதம் வந்ததே உங்களுக்குத் தெரிந்திருக்காது. பதில் கெடு தாண்டிக் கோப்பு மூடப்படுவது பல நேரங்களில் இப்படித்தான்.

பதிவு பெற்ற வேறு பொறியாளரை அமர்த்தி, பழையவரை மாற்றியதாக அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம். வரைபடத்தின் மூலக் கோப்பை இந்த முறை முதலிலேயே கேட்டு வாங்கி வையுங்கள்.

கொஞ்சம் "கவனிச்சா" முடிஞ்சிடும்ங்கறாங்க. கொடுத்துடலாமா?

கூடாது. நல்லொழுக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சாலை அகலக் குறைவும் பட்டா பிழையும் பணம் கொடுத்ததால் மறைவதில்லை. வீட்டை விற்கும்போதோ கடன் வாங்கும்போதோ திரும்ப வந்து நிற்கும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தியதால் கொடுக்க நேர்ந்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்தவருக்கு மட்டுமே பாதுகாப்பு. கேட்கும்போதே, கொடுப்பதற்கு முன்பே, லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போவது உத்தமம்.

பணம் கேட்கிறவர் பல நேரங்களில் அலுவலரே அல்ல, வாசலில் நிற்கும் இடைத்தரகர். உண்மையான குறை என்னவென்று எழுத்தில் வாங்கிவிட்டால் அவருக்கு உங்களிடம் வேலை இல்லாமல் போகும்.

மேல்முறையீடு செய்யறதா, புதுசா போடறதா? எது நல்லது?

குறை நிஜம், சரி செய்யவும் முடியும் என்றால் புதிதாகப் போடுங்கள். ஆய்வுக் கட்டணம் இன்னொரு முறை போகும், அவ்வளவுதான். பெரிய தொகையான கட்டணங்கள் பெரும்பாலும் வரைபடம் தேறிய பிறகே கேட்கப்படும். ஆனால் உங்கள் பக்கம் சரியாக இருக்கிறது, விதியைத் தவறாகப் படித்திருக்கிறார்கள் என்றால் மேல்முறையீடு. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு அதற்கு வழி தருகிறது. ஆணை கைக்கு வந்ததில் இருந்து இரண்டு மாதம் கெடு. சி.எம்.டி.ஏ. ஆணை என்றால் அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்குப் போகும். மற்ற இடங்களில் யாருக்கு என்பது ஆணையின் அடியில் இருக்கும், இல்லையென்றால் கடிதத்தில் கேளுங்கள்.

மேல்முறையீட்டு மனுவில் கஷ்டத்தை எழுதுவதைவிட அளவை எழுதுங்கள். "மறுப்பில் பக்க இடம் 0.90 மீட்டர் என்கிறது, தளத்தில் 1.05 மீட்டர் இருக்கிறது, சர்வேயர் வரைபடம் இணைப்பு 3" என்பது போல. ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இல் உங்களுக்குச் சாதகமான விதி எண்ணைக் குறிப்பிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் பெட்டிஷன் போட்டாருன்னு நிறுத்தி வெச்சிருக்காங்க. நியாயமா?

மனுவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வெறும் ஆட்சேபம் என்றால், உங்கள் ஆவணங்களை இணைத்து எழுத்தில் பதில் கொடுத்து, பரிசீலித்து முடிவெடுக்கக் கோருங்கள். நிலம் யாருடையது என்று இறுதியாகத் தீர்மானிக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கு இல்லை, அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. அவர் தடை ஆணையே வாங்கி வந்திருந்தால் அலுவலகம் மீற முடியாது. அங்கே உங்கள் வழக்கறிஞர்தான் ஆஜராக வேண்டும்.

எல்லாம் சரி பண்ணிக் கொடுத்து மாசக்கணக்காச்சு. பதிலே இல்ல. அனுமதி கிடைச்சதா எடுத்துக்கிட்டுக் கட்டலாமா?

வேண்டாம். மௌனத்தை அனுமதியாக எடுத்துக்கொண்டு கட்டிய வீட்டுக்குப் பிறகு நோட்டீஸ் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நினைவூட்டல் கடிதம், தகவல் உரிமை மனு, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள், முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண். இவற்றில் எதைச் செய்தாலும் மனு எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால், குறித்த காலத்துக்குள் முடிவெடுக்கும்படி அலுவலகத்துக்கு உத்தரவிடக் கோரி, அரசமைப்பின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. நேராக அனுமதியே தரச் சொல்லிக் கேட்பதைவிட, "என் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொல்லுங்கள்" என்ற கோரிக்கைக்குத்தான் எளிதில் உத்தரவு கிடைக்கும். மறுப்பு ஆணையை எதிர்த்து நேரே அங்கே போனால், முதலில் மேல்முறையீடு செய்தீர்களா என்றுதான் கேட்பார்கள்.

அனுமதி வரும்னு நம்பி பில்லர் போட்டுட்டேன். இப்ப நோட்டீஸ் வந்திருக்கு.

வேலையை இன்றே நிறுத்துங்கள். நிறுத்திய நிலையைத் தேதியோடு போட்டோ எடுங்கள். நோட்டீஸில் சொன்ன நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், பதில் கொடுக்காமல் இருப்பதுதான் மிகப் பெரிய தப்பு. கட்டியது விதிக்குள் அடங்குமென்றால் அனுமதிக்கு விண்ணப்பித்திருப்பதைக் காட்டுங்கள். அடங்காத பகுதி எதுவோ அதை நீங்களே இடித்துக்கொள்வதாக எழுதிக் கொடுப்பது மிச்சத்தைக் காப்பாற்ற உதவும்.

முறையான நோட்டீஸும் 15 நாள் அவகாசமும் இல்லாமல் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கட்டி முடித்துவிட்டுப் பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். மனைகளுக்கு மேலே சொன்ன 2016 தேதி வேறு, கட்டடங்களுக்கான தேதி வேறு. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவில் 2007 ஜூலை 1 அன்றோ அதற்கு முன்போ கட்டியவைதான் வரும். இன்று போடும் பில்லருக்கு அது உதவாது.

வீட்டு வரி போட்டுட்டாங்க, ஈ.பி. கனெக்‌ஷனும் வந்துடுச்சு. இனி அப்ரூவல் எதுக்கு?

வரி ரசீது நீங்கள் வரி கட்டினீர்கள் என்பதற்கான சான்று. கட்டடம் விதிப்படி இருக்கிறது என்று அது சொல்வதில்லை. மின் இணைப்பும் அப்படித்தான்.

பேங்க்ல லோன் சாங்ஷன் ஆயிடுச்சு. இப்ப ரிஜெக்ட் ஆனதைச் சொல்லலாமா, மறைக்கலாமா?

சொல்லுங்கள். அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் கட்டுமானத் தவணையை வங்கி விடுவிக்காது, எப்படியும் தெரிந்துவிடும். சாங்ஷன் கடிதத்தில் அது எத்தனை மாதம் செல்லும் என்று போட்டிருக்கும். அது முடிவதற்குள், மறுப்புக் கடிதத்தின் நகலையும் நீங்கள் மறுபடி விண்ணப்பித்த ஒப்புகையையும் இணைத்து, அவகாசத்தை நீட்டிக்கக் கேளுங்கள். பரப்பு குறைந்ததால் வரைபடம் மாறுகிறது என்றால் மதிப்பீட்டுத் தொகையும் மாறும். புது வரைபடத்தோடு பொறியாளரின் புது மதிப்பீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். மனைக்கான தொகையை ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதற்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அடுத்த விண்ணப்பத்தை எந்தத் தேதிக்குள் போடப் போகிறீர்கள் என்று பொறியாளரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு வங்கிக்குப் போங்கள். மேலாளர் முதலில் கேட்கப் போவது அந்தத் தேதியைத்தான்.